குழந்தையின் தலைக்கு ஹெல்மெட்: எந்த இடத்தை நம்புவது?

ஐந்தரை மாதப் பெண் குழந்தையின் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

குறித்த காலத்தில் பிறந்த, நல்ல ஆரோக்கியமான குழந்தை. இரண்டாவது மாதத்தில் தலையின் பின்புறம் வலப்பக்கம் சப்பையாக இருப்பதைக் கவனித்திருக்கிறார். இப்போது மேலிருந்து பார்த்தால் வலது காது சற்று முன்னால் தள்ளியிருக்கிறது, வலது நெற்றியும் லேசாகப் புடைத்திருக்கிறது. தலையைச் சீராக்கும் ஹெல்மெட் போடலாம் என்று இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார். முதல் இடம் வீட்டுக்குப் பக்கம். கேமராவால் ஸ்கேன் எடுத்து, "11 மில்லிமீட்டர் கோணல், இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும், தலை முழு உருண்டையாகிவிடும், உத்தரவாதம்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது இடம் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றோடு இணைந்தது, மூன்று மணி நேரப் பயணம். அங்கிருந்த ஆர்த்தோடிஸ்ட் (உடலுக்கு வெளியே அணியும் இத்தகைய கருவிகளை அளவெடுத்துப் பொருத்தும் நிபுணர்) கையில் ஒரு அளவுகோலை வைத்து அளந்து, "7.5 சதவீதம்" என்று எழுதிக்கொடுத்து, "முதலில் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள், அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்.

"முதல் இடத்தில் கருவி நவீனமாக இருக்கிறது, அக்கறையாகவும் பேசுகிறார்கள். இரண்டாவது இடம் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. தானாகச் சரியாகிவிடும் என்கிறார் கணவர். நான் தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்குமோ என்று பயமாக இருக்கிறது. இப்படி ஆனதற்கு நான்தான் காரணமோ என்று தூக்கம் வரவில்லை. எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இரண்டு சின்னச் செய்திகள்: தோழி கொடுத்த, நடுவில் குழி உள்ள 'தலை உருண்டையாகும்' தலையணையில் குழந்தையைத் தூங்க வைக்கிறாராம். இன்னொரு தோழி தன் மகனுக்குப் போட்ட பழைய ஹெல்மெட்டைத் தருவதாகச் சொல்கிறாராம்.

அந்தத் தலையணையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது இன்றிரவு சம்பந்தப்பட்டது. அதைத் தொட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த வகைத் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. தலை வடிவம் சரியாகும் என்பதற்குச் சான்று இல்லை, மூச்சுத் திணறல் ஆபத்து மட்டும் உண்டு. உங்கள் மகள் குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் துணியில் புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ள எல்லாக் குழந்தைகளாலும் முடியாது. கெட்டியான, சமமான மெத்தை, தலையணை இல்லாமல், மல்லாக்க. அவ்வளவு போதும்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. குழந்தையை மல்லாக்கத் தூங்க வையுங்கள் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள்தான் சொன்னோம். அமெரிக்காவில் 1992-இல் இந்தப் பரிந்துரை வந்து, 1994-இல் பெரிய பிரச்சாரமானது. அதற்குப் பின் குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. கூடவே பின்தலை சப்பையாவதும் அதிகமானது. கனடாவின் கல்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள குழந்தைகளைப் பார்த்து 2013-இல் வெளியான ஆய்வில், 46.6 சதவீதம் பேருக்கு ஓரளவாவது சப்பை இருந்தது. கிட்டத்தட்ட இரண்டில் ஒரு குழந்தை. அவர்களில் பெரும்பாலோருக்கு லேசானதுதான்.

மூளைக்கும் இதனால் நெருக்கடி இல்லை. படுக்கும் நிலையால் வரும் சப்பையில் மண்டையோட்டின் இடம் குறைவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது. தலை சப்பையான குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து நிற்பது, தவழ்வது கொஞ்சம் தாமதமாவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் சப்பை அதற்குக் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. குறைவாக அசைகிற குழந்தை ஒரே பக்கமாக அதிகம் படுக்கும், அதனால் தலை சப்பையாகும் என்று இதைத் திருப்பியும் பார்க்கலாம். 'மூளை வளர்ச்சிக்காக ஹெல்மெட்' என்று ஓர் இடம் சொன்னால், அவர்கள் தங்கள் பொருளால் முடியாத ஒன்றை விற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட வரி

"எல்லாப் போட்டோவிலும் தலையை லேசாக இடது தோள் பக்கம் சாய்த்து, முகத்தை வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவு அழகு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். கழுத்தின் இடப்பக்கத் தசை இறுக்கமாக இருந்தால் தலை இடத் தோளுக்குச் சாயும், முகவாய் வலப்பக்கம் திரும்பும். அப்படியானால் படுக்கும்போதெல்லாம் வலது பின்தலைதான் மெத்தையில் அழுந்தும். சப்பையும் வலப்பக்கம்தானே இருக்கிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குழந்தையை மல்லாக்கப் போட்டு, தோள்களை உங்கள் கையால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த பொம்மையை முகத்துக்கு மேலிருந்து இடப்பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். முகவாய் இடத் தோளுக்கு நேராக வருகிறதா, இல்லை பாதி வழியில் நின்று கண் மட்டும் பொம்மையைத் துரத்துகிறதா? வலப்பக்கமும் அதையே செய்து ஒப்பிடுங்கள். நீங்களாகக் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். வித்தியாசம் தெரிந்தால் பிசியோதெரபி தேவைப்படும். அதைச் செய்யாமல் ஹெல்மெட் மட்டும் போட்டால், சப்பையாக்கிய காரணம் அப்படியே இருக்க, விளைவை மட்டும் சரிசெய்து கொண்டிருப்போம்.

மருத்துவர் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மண்டையோட்டு எலும்புகள் சேரும் இணைப்புகளில் ஏதாவது ஒன்று முன்கூட்டியே மூடிக்கொண்டிருக்கிறதா என்பது. ஏறக்குறைய 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேரும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், ஹெல்மெட் மட்டும் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. நீங்கள் சொல்லும் வடிவம் ஆறுதலாகவே இருக்கிறது: சப்பைப் பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளியிருப்பது படுக்கும் நிலையால் வருவதன் அடையாளம். பின்பக்க இணைப்பு மூடிக்கொண்டால் பெரும்பாலும் காது பின்னுக்கும் கீழுக்கும் இழுபட்டு, காதின் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். ஆனாலும் கடிதத்தை வைத்து நான் இதைத் தீர்மானிக்கக் கூடாது. இணைப்பின் மேல் மேடு தட்டுப்படுகிறதா, உச்சிக்குழி திறந்திருக்கிறதா, தலைச் சுற்றளவு வளர்ச்சி வரைபடத்தில் ஒழுங்காக ஏறுகிறதா என்று கையால் தொட்டும் அளந்தும் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும், எடுத்தவுடன் சி.டி. ஸ்கேன் தேவையில்லை.

இரண்டாவது இடம் உங்களைத் திருப்பி அனுப்பியதாக வருத்தப்படுகிறீர்கள். அவர் செய்தது இதைத்தான்: கழுத்தையும் மண்டையோட்டையும் பார்க்காமல் ஹெல்மெட்டுக்கு அளவெடுக்க மறுத்தார். எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு கூடுகிறது.

11 பெரிதா, 7.5 பெரிதா

முதல் இடம் ஆபத்து என்கிறது, இரண்டாவது இடம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவர்கள் தந்த தாள்களில் உள்ள எண்களை எழுதியது நல்லதாயிற்று. தலையின் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் அளப்பார்கள். உங்கள் மகளுக்கு ஒன்று 146 மில்லிமீட்டர், மற்றது 135. வித்தியாசம் 11. அந்த 11-ஐ 146-ஆல் வகுத்தால் 7.5 சதவீதம். இரண்டு இடமும் ஒரே அளவைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறிய கோட்டால் வகுக்கிறவர்கள் இதையே 8.1 என்பார்கள்.

பரவலாகப் பயன்படும் ஒரு தரவரிசையில் இந்தச் சதவீதம் 3.5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 6.25 வரை லேசானது, 8.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எப்படி வகுத்தாலும் உங்கள் மகள் நடுத்தரத்தில் வருகிறாள். கேமராவுக்கும் கை அளவுகோலுக்கும் ஒரே விடை வந்திருப்பதையும் கவனியுங்கள். ஸ்கேன் வசதியானது, குழந்தை அசைந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும், மாதாமாதம் ஒப்பிடவும் உதவும். ஆனால் கருவி புதியது என்பதால் மட்டும் ஹெல்மெட் நன்றாக அமைந்துவிடாது.

'இந்த வாரமே' என்ற அவசரம்

ஹெல்மெட் தலையை அழுத்தி வடிவமைப்பதில்லை. புடைத்த இடங்களைத் தொட்டபடி இருந்துகொண்டு, சப்பையான இடத்தில் காலி இடம் விடுகிறது. வளர்கிற தலை அந்த இடத்தை நிரப்புகிறது. ஆகவே தலை வேகமாக வளரும் மாதங்களில்தான் அதற்குப் பலன். 3 முதல் 6 மாதம் வரை சுற்றளவு மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் கூடும், 6-லிருந்து 12 வரை சுமார் அரை சென்டிமீட்டர். ஒரு வயதுக்கு மேல் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. காலம் முக்கியம் என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. வெள்ளிக்கிழமைதான் கடைசி என்பதற்கு மட்டும் எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. நான்கு வாரம் பிசியோதெரபி பார்த்துவிட்டு, மறுபடி அளந்து, அப்போது ஆரம்பித்தாலும் உங்கள் மகளுக்கு ஆறரை மாதம்தான் ஆகியிருக்கும். ஆனால் நான்கு வாரம் நான்கு மாதமாகிவிடக் கூடாது. மறுஅளவுக்கான தேதியை இப்போதே வாங்கிவிடுங்கள்.

கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் 5 முதல் 6 மாத வயதுள்ள, நடுத்தரம் முதல் கடுமை வரை சப்பையுள்ள 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஹெல்மெட், மறு பாதிக்கு ஒன்றும் இல்லை என்று ஆறு மாதம் வைத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: இரண்டு வயதில் முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. தோல் சிவப்பது, வியர்வை, நாற்றம் என்று ஹெல்மெட் போட்ட எல்லாப் பெற்றோரும் ஏதாவது ஒரு தொந்தரவைச் சொன்னார்கள்.

இதை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் பல ஹெல்மெட்டுகள் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்தன என்ற விமர்சனம் உண்டு. கழுத்துத் தசை இறுக்கமுள்ள குழந்தைகளை அதில் சேர்க்கவே இல்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கும் நிலையை மாற்றுவதும் பிசியோதெரபியும் செய்த பிறகும் நடுத்தரமோ கடுமையோ மிஞ்சி நின்றால் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. நான் இந்த வழியில் நிற்கிறேன். 7.5 என்ற இடத்தில் இருக்கும் குழந்தைக்கு ஹெல்மெட் போடுவதும் நியாயமான முடிவு, போடாமல் கவனமாகத் தொடர்ந்து பார்ப்பதும் நியாயமான முடிவு. 'போடாவிட்டால் அவ்வளவுதான்' என்கிறவரும் 'அது வெறும் காசு பறிக்கும் வேலை' என்கிறவரும் உங்களுக்கு முழு உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு இடங்களையும் எப்படி எடைபோடுவது

ஹெல்மெட் என்று முடிவானால், நீங்கள் பணம் கொடுப்பது அந்தப் பிளாஸ்டிக் ஓட்டுக்கு என்று நினைக்காதீர்கள். முதல் நாள் பொருந்திய ஹெல்மெட் மூன்றாவது வாரம் பொருந்தாது, ஏனென்றால் தலை வளர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் நுரைப் பட்டையை எங்கே எத்தனை மில்லிமீட்டர் சீவ வேண்டும், எங்கே விட்டுவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு மாதம். பலன் அந்தக் கையில்தான் இருக்கிறது. அதனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: என் குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் சீவித் தரப்போவது யார்? அவர் பயிற்சி பெற்ற ஆர்த்தோடிஸ்டா? குழந்தைகளின் தலை ஹெல்மெட் அவருக்கு வழக்கமான வேலையா, எப்போதாவது வருவதா? நீங்கள் முதல் இடத்துக்குப் போன இரண்டு தடவையும் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன், கேமராவைப் பற்றி அல்ல.

அடுத்து, அளவெடுத்த எத்தனை நாளில் ஹெல்மெட் கைக்கு வரும் என்று கேளுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போனால் அதற்குள் தலை வளர்ந்து அளவு பழையதாகிவிடும். ஹெல்மெட் எந்த அரசு அமைப்பின் அனுமதி பெற்றது என்றும் கேளுங்கள். எஃப்.டி.ஏ. 1998-இலேயே இதை 3 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கான மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது, மருத்துவர் எழுதித்தந்தால்தான் போடலாம். டாக்டர் சீட்டு இல்லாமலே போட முன்வரும் இடம் எந்த நாட்டில் இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

'முன்னும் பின்னும்' படங்களைக் காட்டியிருப்பார்கள். எல்லாக் குழந்தைகளின் தலையும் வளர வளர ஓரளவு சீராகும், முடியும் அடர்ந்துவிடும். ஆகவே படத்தை விட்டுவிட்டு, என் மகளின் வயதிலும் ஏறக்குறைய 7.5-இலும் தொடங்கிய குழந்தைகள் எந்த எண்ணில் முடித்தார்கள் என்று கேளுங்கள். நல்ல இடம் '4-க்கும் 5-க்கும் நடுவில் வரலாம், முழு உருண்டை என்று சொல்ல முடியாது' என்கிற மாதிரிதான் பதில் சொல்லும். முழு உருண்டைக்கு உத்தரவாதம் தருவது யாராலும் முடியாத காரியம். "எந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

பண விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தில் எல்லாச் சரிபார்ப்புகளும் அடங்குமா? தலை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் மறுபடி முழுத்தொகையா? மருத்துவர் நிறுத்தச் சொன்னால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அளவுத் தாளும் ஸ்கேன் படமும் உங்கள் குழந்தையுடையவை. நகல் கேட்பதற்கு நீங்கள் தயங்கவே வேண்டாம். காப்பீடு இருந்தால், ஆரம்பிக்கும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் முதலில் பிசியோதெரபியும் நிலை மாற்றமும் முயன்றதற்கான பதிவைக் கேட்பார்கள். அந்த நான்கு வாரம் இதற்கும் உதவும்.

தூரத்தையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆறு மணி நேரம் போய்வரும் பயணம், மாதத்தில் இரண்டு மூன்று தடவை, கைக்குழந்தையோடு. தோல் திடீரென்று புண்ணானால் அன்றைக்கே காட்ட முடியாது. சந்திப்புகளைத் தவறவிட்டால் மிகத் திறமையான கை இருந்தும் பயனில்லை. பக்கத்து இடத்துக்கு அது உண்மையான பலம்.

ஆக, நான் சொல்வது இது. வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம். இரண்டாவது இடத்தின் மருத்துவமனையிலேயே குழந்தை மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் ஒரே நாளில் பார்க்க நேரம் வாங்குங்கள், பயணம் ஒன்றோடு முடியும். நான்கு வாரம் பயிற்சி. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, நாளுக்குப் பல தடவை குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் போட்டால், உங்களைத் தேடி இடப்பக்கம் திரும்புவாள். தூக்கும் தோளையும் பால் கொடுக்கும் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். சாய்வு இருக்கையில் உட்காரும் நேரத்தைக் குறையுங்கள். அவள் இப்போது தானாகப் புரள்வதால் தூக்கத்தில் திருப்பிப் படுக்க வைப்பது அதிகம் பலிக்காது, அதற்காக இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். நான்கு வாரம் கழித்து அதே ஆள், அதே முறையில் அளக்கட்டும். 6-க்குக் கீழ் இறங்கினால் ஹெல்மெட் பேச்சை விட்டுவிடலாம். அப்படியே நின்றாலோ ஏறினாலோ ஹெல்மெட்டுக்குப் போங்கள். அப்போது முதல் இடம் மேலே சொன்ன கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லி, ஒரே ஆர்த்தோடிஸ்டை ஒதுக்கி, உங்கள் மருத்துவரோடு அளவுகளைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் அங்கேயே போடுங்கள். மழுப்பினால், மூன்று மணி நேரப் பயணத்துக்குத் தயாராகுங்கள்.

போட்ட பிறகு

சில நாட்களில் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டியிருக்கும். கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டி, தலையையும் ஹெல்மெட்டின் உட்புறத்தையும் அவர்கள் சொல்லும் முறையில் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். கழற்றியதும் லேசான சிவப்பு இருக்கும். ஒரு மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டாலோ, கொப்புளமோ புண்ணோ தெரிந்தாலோ மறுபடி மாட்டாமல் ஆர்த்தோடிஸ்டைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் கழற்றிவிடுங்கள், தணிந்த பிறகு போடலாம். போட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் வலி இருக்காது, சில நாட்களில் பழகிவிடுவாள். வியர்வையும் வாடையும் முதல் வாரங்களில் உங்களைத்தான் அதிகம் தொந்தரவு செய்யும்.

தோழியின் மகனுடைய பழைய ஹெல்மெட்டை அன்போடு மறுத்துவிடுங்கள். அது அவன் தலையின் புடைப்புக்கும் சப்பைக்கும் செதுக்கியது. உங்கள் மகளின் தலையில் அது தவறான இடத்தில் தொடும், தவறான இடத்தில் காலி விடும். அளவு பொருந்துவதுபோல் தெரிந்தாலும் போட வேண்டாம்.